காரிமலைத் தண்ணீர்

ஒரு சுவடியை இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் அது வெளுத்துவிடும். அதுதான் அதன் சாமர்த்தியம். கறுப்பு எழுத்தும் வண்ணப் படமுமாக அழகாக விரிந்து கிடக்கும். பக்கத்தில் இன்னொரு முகம் எட்டிப் பார்த்ததோ, போச்சு, சலவைக்குப் போட்டு வந்த வேட்டி மாதிரி வெள்ளையாகிவிடும். வாடகை கட்டிய கண்ணுக்கு மட்டும்தான் பாடம். பருவம் முடிந்த மறுநாள் அந்தக் கண்ணுக்கும் வெளுத்துவிடும். அப்புறம் படித்தது தலைக்குள் தங்கியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பொற்சுவடி நிறுவனம் இதைக் கொண்டுவந்து இருபது வருடமாகிறது. காகிதப் புத்தகம் பாரம், மரத்தை வெட்டவேண்டும், சீக்கிரம் பழசாகிவிடும் என்றெல்லாம் சொன்னார்கள். நியாயம்தானே என்று ஊரே தலையாட்டியது. நூலகப் புத்தகங்களைப் பழைய பேப்பர் லாரி அள்ளிக்கொண்டு போன பிறகுதான், ஒரு புத்தகத்தை நாலு பேர் பங்கு போட்டுப் படித்துத்தான் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது சிலருக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய? லாரி போய்விட்டதே!

தருமபுரிப் பக்கம் காரிமலை அரசு கலைக் கல்லூரியில் மாலை வகுப்பு ஒன்று நடந்தது. வேதியியல் பட்டப்படிப்பு. அறுபத்துநாலு பேர். பகலில் மாங்கூழ் ஆலையில் கொட்டை பிரிப்பவர்கள், கல் குவாரியில் கணக்கு எழுதுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மாலையில் மாணவர்கள். அதில் ஒருத்திதான் சாலம்மாள். முப்பத்துநாலு வயது. பகலில் அதே கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அட்டெண்டர். பதினோரு வருடமாகத் தற்காலிகம். குடுவை கழுவி, மேசை துடைத்து, கேனில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு, ஐந்து மணிக்கு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். பிறகு அதே மேசைக்கு முன்னால் மாணவியாக உட்காருவாள்.

முதல் நாள் வகுப்புக்கு வந்தவர் ருக்சானா பேகம். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர், கௌரவம் பெயரோடு சரி. "சுவடிய எடுங்க" என்றார். நாலு பேர் எடுத்தார்கள். அறுபது பேர் அந்த நாலு பேரைச் சுற்றி நகர்ந்தார்கள். நாலும் ஒரே நொடியில் வெளுத்துப்போயின. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

"மூடுங்க அத" என்றார் ருக்சானா. "நமக்கு வேண்டிய புக்க நாமளே எழுதுவோம்."

சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்கிறார் என்றுதான் சாலம்மாள் நினைத்தாள். இல்லை, மனுஷி சொன்னதைச் செய்துவிட்டார். வாரநாட்களில் அவர் நடத்துவார். ஆளுக்கு ஒரு பகுதியாக வகுப்பு எழுதும். சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து சோதனை செய்வார்கள். வந்த அளவுகளைத்தான் புத்தகத்தில் போட்டார்கள். வேறு இடத்திலிருந்து ஓர் எண்கூட எடுக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையைக் கரைத்து அளந்தபோது, அட்டையில் போட்டிருந்ததைவிட அதிகமாகவே கால்சியம் இருந்தது. "பாருடா, கவர்மென்ட்டு மாத்திர கொசுறு போட்டுத் தருது" என்று மாங்கூழ் ஆலைத் தீர்த்தகிரி சொன்னான். வகுப்பே கெக்கலி கொட்டியது. அந்த முடிவையும் நல்ல தமிழில் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். கண்ணாடிச் சாமான்களைக் கையாளும் அத்தியாயம் முழுக்கச் சாலம்மாள் எழுதியது.

'நம்ம வேதியியல்' என்று பெயர் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவெளியில் விட்டார்கள். இரண்டு வருடத்தில் முப்பத்தொரு கல்லூரிகள் அதை எடுத்துக்கொண்டன. ராமநாதபுரத்திலிருந்து ஒரு பெண் நாலாம் அத்தியாயத்துக்குப் படம் வரைந்து அனுப்பினாள். சாலம்மாளுக்கு அந்த நாட்களில் தரையில் கால் பாவவே இல்லை.

இறுதியாண்டுத் தேர்வு முடிந்து, முடிவு வரவேண்டிய வாரத்தில் வந்தது நோட்டீஸ். 'நம்ம வேதியியல்' திருட்டு நூல் என்று பொற்சுவடி நிறுவனம் வழக்குப் போட்டிருந்தது. திருட்டு நூலைப் படித்து எழுதிய தேர்வு செல்லாது என்று சட்டம் இருக்கிறது. முப்பத்தொரு கல்லூரிகளிலும் பட்டம் நிறுத்திவைப்பு. சாலம்மாளுடையதும் அதில் அடக்கம்.

முதல்வர் அறைக்கு வெளியே மரத்தடியில் ருக்சானா, தீர்த்தகிரி, சாலம்மாள் மூன்று பேரும் நோட்டீஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"நாம எழுதினது நமக்குத் தெரியாதா மேடம்? மூலமானிகிட்ட காட்டினா சொல்லிடாதா?" என்றான் தீர்த்தகிரி. மூலமானி என்பது தீர்ப்பாயத்தின் இயந்திரம். எந்த வாக்கியத்தைக் காட்டினாலும் அதை முதலில் எழுதியவர் யார் என்று சொல்லும்.

"அதுக்குப் பதிவான புக்கு மட்டும்தான் தெரியும்" என்றார் ருக்சானா. "ஊருக்கே சும்மா குடுக்கறதுக்குப் பதிவு எதுக்குன்னு நாம விட்டுட்டோம். அவங்க பதிவு பண்ணிட்டாங்க. இப்ப அது அவங்கதான் மூலம்னு சொல்லுது."

"நம்மளுத எப்படிங்க அவங்க புக்குல போச்சு?"

"அவங்ககிட்ட புக்கு எழுதற மெஷின் ஒண்ணு இருக்கு தீர்த்தகிரி. கெடச்சதெல்லாம் ஒரே அண்டாவுல கொட்டிக் கலக்கும். அதுலேர்ந்து மொண்டு மொண்டு எல்லா பாடத்துக்கும் புக்கு எழுதும். நம்ம புக்கு தெறந்து கெடந்துச்சு, அள்ளிப் போட்டுக்கிச்சு. வாக்கியத்த மாத்திருக்கு, எண்ண மாத்தல."

"நம்ம அப்சர்வேஷன் நோட்டு இருக்குதே மேடம்?" என்று சாலம்மாள் கேட்டாள்.

"நோட்ட எப்ப வேணா எழுதிக்கலாமாம், தேதியும் போட்டுக்கலாமாம். நோட்டீஸ்லயே எழுதிருக்கான் பாருங்க. அந்தச் சோதனையெல்லாம் நம்ம லேப்லதான் நடந்துச்சுன்னு காட்டணும். எதவெச்சுக் காட்டறது?" ருக்சானாவின் குரல் கம்மிப்போயிருந்தது. அந்த அம்மாள் அப்படி உட்கார்ந்து சாலம்மாள் பார்த்ததில்லை.

நோட்டீஸோடு பொற்சுவடியின் பக்கங்களையும் இணைத்திருந்தார்கள். மறுநாள் ஆய்வகத்தில் வேலைக்கு நடுவே சாலம்மாள் அதைப் புரட்டினாள். வாக்கியமெல்லாம் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. கால்சியம் மாத்திரைச் சோதனையும் இருந்தது. அளவு இருபத்தாறு புள்ளி நாலு மில்லி. 'மாத்திரையில் குறிப்பிட்டதைவிட அதிகக் கால்சியம் உள்ளது எனத் தெரிகிறது' என்று முடித்திருந்தார்கள். தீர்த்தகிரியின் கொசுறு கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறதே என்று சாலம்மாள் சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. மாத்திரை செய்கிறவன் எதற்குக் கொசுறு போடப்போகிறான்? அந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது?

கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தாள். கடின நீர் பற்றிய அத்தியாயம் அவளுக்கு மனப்பாடம். கணக்கைப் போட்டுப் பார்த்தாள். அந்தக் கொசுறு மாத்திரையிலிருந்து வரவில்லை, தண்ணீரிலிருந்து வந்தது. அந்தத் தண்ணீரைக் கேனில் நிரப்பியது அவள்.

நடந்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆய்வகத்தில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற சாதனம் புகைந்து நின்றுபோனது. மறுநாள் ஆய்வுக் குழு வருகிறது. "ரிஜிஸ்டர்ல ஒரு சாமான் ரிப்பேர்னு இருந்தாக்கூட மாலை வகுப்ப மூடிட்டுப் போயிருவாங்க" என்று முதல்வர் வேதரத்தினம் கூட்டத்தில் சொல்லியிருந்தார். சாலம்மாள் ரிஜிஸ்டரில் 'இயங்குகிறது' என்று எழுதினாள். கேன்களைத் தாவரவியல் தோட்டத்துப் போர்வெல் குழாயில் பிடித்து நிரப்பி வைத்தாள். இரண்டு நாளைக்குத்தானே! குழு போனதும் ரிப்பேர் என்று எழுதலாமென்றால், அன்றைக்கு எப்படி இயங்கியது என்று கேட்பார்கள். அடுத்த மாதம் எழுதினால் போன மாதத்தைக் கேட்பார்கள். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. சர்க்கார் ரிஜிஸ்டரில் ஒருதரம் பொய் எழுதியவர்களுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை.

காரிமலைத் தண்ணீர் சாமானியப்பட்டதா? வெந்நீர் போட்டால் அண்டாவில் வெள்ளை ஏடு கட்டும். ஊரில் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை. அந்தத் தண்ணீரில்தான் இவர்கள் புத்தகத்தின் அத்தனை சோதனையும் நடந்திருக்கிறது.

இதை வெளியே சொன்னால் வேலை போய்விடும். பதினோரு வருடம் காத்திருந்து, இந்த வருடம் நிரந்தரம் ஆகிவிடும் என்று பேச்சு இருந்தது. சொல்லாவிட்டால் பட்டம் போய்விடும், அவளுடையதோடு சேர்த்து முப்பத்தொரு கல்லூரிப் பட்டமும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ருக்சானா மேடத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஒரு நாள் முழுக்கத் தின்ற சோறு செரிக்காமல் அலைந்தாள். விசாரணைக்கு முந்தின நாள் காலை, ருக்சானா வந்ததும் வராததுமாகப் போய் நின்று, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

ருக்சானா எழுந்துவிட்டார். எப்போதும் 'நீங்க' போட்டுப் பேசுகிறவர் வாயிலிருந்து, "மூணு வருஷமா? மூணு வருஷமா என்கிட்ட சொல்லாம இருந்தியா நீ?" என்று வந்தது. "முப்பத்தொரு காலேஜு சாலம்மா! அத்தன புள்ளைங்களும் தப்பான எண்ணப் படிச்சிருக்காங்க!"

"ஆமாங்க மேடம்."

"வெறும் தண்ணிய ஒருதரம் தனியா அளந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். மருந்து பத்தாதுன்னு அத விட்டுட்டேன். அது என் தப்பு." நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கோபம் தீரவில்லை, அழுகை வேறு வந்தது. கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தவர் சட்டென்று அதை நிறுத்தினார். இணைப்புப் பக்கங்களை இழுத்துப் பார்த்தார். பிறகு சாலம்மாளைப் பார்த்தார்.

"அவங்க புக்குலயும் இருபத்தாறு புள்ளி நாலுதான இருக்கு?"

"அதச் சொல்லத்தான் மேடம் வந்தேன்."

ருக்சானா வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சாலம்மாளுக்குப் புரியவில்லை. இரண்டும்தான்.

"இத நான் உங்களுக்காகச் சொல்ல முடியாது" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் மாட்டேன். நிரப்பினது உங்க கை. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

மறுநாள் காலைப் பேருந்தில் சாலம்மாள் ஒரு வெள்ளைக் கேனோடு ஏறினாள். "கேன்ல என்னம்மா?" என்றார் நடத்துநர். தண்ணி என்றாள். "தண்ணியவா சேலத்துக்குத் தூக்கிக்கினு போற? அங்க கெடைக்காதா?" "இந்தத் தண்ணி கெடைக்காதுண்ணா" என்றாள்.

சேலத்தில் நூலுரிமைத் தீர்ப்பாயம் கூடியது. தலைமை நீதிபதி ஜெபமணி. கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்க்கும் அம்மாள். பொற்சுவடிக்கு வழக்கறிஞர் அனிருத்தன் வந்திருந்தார். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு, நல்ல சட்டை. மனிதர் குறை வைக்கவில்லை. காரிமலை ஆய்வகத்தின் படத்தைத் திரையில் போட்டு, ஒழுகும் கூரையையும் கயிறு கட்டிய அலமாரியையும் கோல் வைத்துக் காட்டினார்.

"இந்த அறையில் இப்படியொரு நூல் உருவாகியிருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். எங்கள் நூல் பதினோரு மொழிகளில் போயிருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு சோதனையும் நாங்களே செய்தோம். மூன்று முறை வடித்த நீரைத்தான் பயன்படுத்துகிறோம். அதில் ஒரு துளி உப்பு கிடையாது."

"அதைப் பதிவு பண்ணிக்கலாமா?" என்று ருக்சானா எழுந்து கேட்டார். "மூணு முறை வடித்த நீர்னு?"

"தாராளமாக" என்றார் அனிருத்தன்.

பதிவாயிற்று. ருக்சானா உட்கார்ந்துவிட்டார். சாலம்மாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீதிபதி, வேறு யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார். மூன்று வரிசை தள்ளி முதல்வர் வேதரத்தினம் உட்கார்ந்திருந்தார். சாலம்மாள் எழுந்துவிட்டாள்.

"நான் பேசணும் அம்மா. என் பேரு சாலம்மாள். அந்த லேப்ல அட்டெண்டர். அந்த வகுப்புல ஸ்டூடண்ட்டும் நான்தான்."

மூன்று வருடக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். ரிஜிஸ்டரில் பொய் எழுதியதையும் சொன்னாள். மண்டபம் சலசலத்தது. முதல்வர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதனால் உங்க வேலைக்கு ஆபத்து வரும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார் நீதிபதி.

"தெரியும்மா. ஆனா எங்க புக்குல இருக்கற எண்ணு எல்லாத்துலயும் எங்க ஊரு உப்பு இருக்குது. அந்த ஐயா, அவங்க தண்ணியில ஒரு சொட்டு உப்பு இல்லேன்னு இப்பதான சொன்னாரு. அப்ப அவங்களுக்கு எப்படிங்க இருபத்தாறு புள்ளி நாலு வரும்?"

அனிருத்தனின் கையிலிருந்த கோல் கொஞ்சம் இறங்கியது.

நீதிபதி அங்கேயே சோதனை செய்யச் சொல்லிவிட்டார். மருத்துவமனையிலிருந்து வடித்த நீர் வந்தது. பக்கத்துக் கல்லூரியிலிருந்து சாமானும் மருந்தும் மாத்திரையும் வந்தன. பொற்சுவடியின் ஆள் ஒருவரும் தீர்ப்பாய அலுவலர் ஒருவரும் இரண்டு பக்கமும் நின்றார்கள். அளவுக் குழாயின் திருகைப் பிடித்ததும் சாலம்மாளின் கை தானாக வேலையைத் தொடங்கியது. பதினோரு வருடமாகக் கழுவிக் கழுவிப் பழகிய சாமான் அல்லவா!

முதலில் வடித்த நீர். திராட்சைச் சிவப்பாக இருந்த கரைசல், குழாயிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக விழ விழ நிறம் மாறி நீலமானது. இருபது புள்ளி ஒன்று. கணக்குப் போட்டால் மாத்திரை அட்டையில் போட்டிருந்த அளவுதான், கொசுறே இல்லை.

பிறகு கேனைத் திறந்தாள். இருபதைத் தாண்டியும் சிவப்பு. இருபத்துநாலிலும் சிவப்பு. சாலம்மாள் கடைசிச் சொட்டைத் தட்டிவிட்டாள், கரைசல் நீலமாயிற்று. அலுவலர் குனிந்து அளவைப் படித்தார். "இருபத்தாறு புள்ளி மூணு."

தீர்த்தகிரி விசிலடித்தே விட்டான். காவலர் முறைத்தார்.

அனிருத்தன் சுதாரித்துக்கொண்டார். "எண் ஒத்துப்போவதால் எது மூலம் என்று தெரிந்துவிடாது. அவர்கள் எங்கள் எண்ணைப் பார்த்து எழுதியிருக்கலாம்."

"அப்போ எங்க போர்வெல்லும் உங்களப் பாத்துத்தான் காப்பி அடிச்சுதுங்களா?" என்றாள் சாலம்மாள்.

நீதிபதியே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. சிரிப்பு அடங்கும்வரை நின்ற அனிருத்தன், கடைசி அம்பையும் எடுத்தார். "சரி. அவர்கள் நூல் அவர்களுடையதே என்று வைத்துக்கொள்வோம். தவறான எண்கள் நிறைந்த நூல் என்று இந்த அம்மாவே ஒப்புக்கொண்டுவிட்டார். தவறான நூலைப் படித்தவர்களுக்குப் பட்டம் கொடுப்பதா?"

ருக்சானா எழப்போனார். சாலம்மாள் முந்திக்கொண்டாள்.

"தப்புன்னு கண்டுபிடிச்சது யாருங்க ஐயா? அந்த புக்கப் படிச்ச நான்தான். அதுல கடின நீர் பாடம் இல்லேன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது. உங்க புக்கு பதினோரு மொழியில போச்சுன்னு சொன்னீங்க. லட்சம் பேரு படிச்சிருப்பாங்க. ஒருத்தராச்சும் கண்டுபிடிச்சாங்களா? எப்படிக் கண்டுபிடிப்பாங்க? 'இத கொஞ்சம் பாரு, சரியா இருக்குதா'ன்னு பக்கத்துல இருக்கறவங்ககிட்ட காட்டக்கூட முடியாதே! வெளுத்துடுமே!"

அனிருத்தன் கோலை மேசையில் வைத்தார். பாவம், அவரும் கல்லூரியில் ஒருகாலத்தில் நண்பனோடு சேர்ந்து படிக்க முடியாமல் தவித்தவர்தானோ என்னவோ. உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி ருக்சானாவைப் பார்த்தார். "நீங்க இதைப் பொதுவில் விட்டப்போ ஏதாவது நிபந்தனை போட்டீங்களா?"

"ஒரே ஒரு நிபந்தனைங்க. முதல் பக்கத்துலயே இருக்கு. யாரும் எடுக்கலாம், மாத்தலாம், விக்கவும் செய்யலாம். ஆனா இதக் கலந்து என்ன செஞ்சாலும், அதையும் இதே மாதிரி எல்லாருக்கும் தெறந்து வெச்சிரணும்."

நீதிபதி சட்டென்று நிமிர்ந்தார். மூலமானியை இயக்கச் சொன்னார். இந்த முறை வாக்கியத்தைத் தேடவேண்டாம். காரிமலைத் தண்ணீரின் அந்த மிகுதியை மட்டும், பொற்சுவடியின் எல்லா நூல்களிலும் தேடு என்றார். திரையில் எண்ணிக்கை ஓட ஆரம்பித்தது. வேதியியல் நூல்களில் வந்தது, அதைத்தான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பிறகு மருந்தியலில் வந்தது. வேளாண்மையில், செவிலியர் படிப்பில், கட்டடப் பொறியியலில், சூழல் சட்டத்தில் வந்தது. ஒரே அண்டாவில் கலந்தது எதைத்தான் விட்டுவைக்கும்? எண்ணிக்கை ஆயிரத்து நூற்று நாற்பதில் போய் நின்றது. பொற்சுவடி வாடகைக்கு விட்டிருந்த கல்லூரி நூல்களே ஆயிரத்து நூற்று நாற்பதுதான்.

தீர்ப்பு பதினெட்டுப் பக்கம். ஊருக்குத் தேவைப்பட்டது இரண்டு வரி. பட்டங்கள் செல்லும். அந்த ஆயிரத்து நூற்று நாற்பது நூல்களும் இனி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும்.

தீர்ப்புக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் திறந்தார்கள். காரிமலைக் கல்லூரி வளாகத்தில் இருந்ததே பத்துப் பன்னிரண்டு சுவடிகள்தான். தீர்த்தகிரி ஒன்றை மேசையில் விரித்துவைத்தான். ஆலைச் சீருடையோடு வந்தவர்கள், பகல் வகுப்புப் பிள்ளைகள், கேண்டீன்காரர், காவலாளி, அத்தனை பேரும் குனிந்தார்கள். இருபது தலை, முப்பது தலை. எழுத்து அப்படியே கறுப்பாக நின்றது. "அடேயப்பா!" என்று யாரோ சொன்னார்கள். ஒரு பெண் மருத்துவ நூலைத் திறக்கச் சொன்னாள், இன்னொருத்தி சட்டம் என்றாள். காவலாளி தன் மகளுக்குப் போன் போட்டு, "கண்ணு, நர்சிங் புக்கு வந்துடுச்சு, ஓடியா" என்று கத்தினார். ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்க, பத்துப் பேர் சந்தேகம் கிளப்பினார்கள். அன்று மாலைக்குள்ளேயே மூன்று நூல்களில் தப்புக் கண்டுபிடித்துவிட்டார்கள். ருக்சானா ஒரு மூலையில் நின்றுகொண்டு, அடுத்த பதிப்புக்கு எல்லா அளவையும் புதிதாக எடுக்கவேண்டும் என்று சனிக்கிழமைகளுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

முதல்வர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

சாலம்மாள் தயாராகத்தான் இருந்தாள். பட்டம் கிடைத்துவிட்டது, முப்பத்தொரு கல்லூரிக்கும் கிடைத்துவிட்டது. வேலை போனால் போகிறது என்று பேருந்து ஏறிய அன்றைக்கே மனதைக் கல்லாக்கிக்கொண்டாயிற்று. ஆனாலும் பதினோரு வருட வேலை. அறைக்குள் நுழைந்தாள்.

வேதரத்தினம் எழுந்து நின்று உறையை நீட்டினார். அவர் எழுந்து நின்று அவள் பார்த்ததே இல்லை. "படிம்மா" என்றார்.

பணிநீக்க ஆணை. பொய் எழுதியது, போலித் தண்ணீர் நிரப்பியது எல்லாம் வரிசையாக இருக்கும் என்று நினைத்துப் படித்தாள். ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு பத்திதான் இருந்தது. ஆய்வக அட்டெண்டர் பணி பட்டப்படிப்பு முடிக்காதவர்களுக்கு மட்டுமே உரியது என்பதால், மேற்படி நபர் பட்டம் பெற்றுவிட்ட காரணத்தினால் இப்பணிக்குத் தகுதி இழக்கிறார்.

இன்னொருதரம் படித்தாள்.

"மூணு நாளா விதிப் புத்தகத்தப் புரட்டினேன்" என்றார் வேதரத்தினம், மேசையைப் பார்த்துக்கொண்டு. "நீ ஒத்துக்கிட்டதுக்கு நடவடிக்கை எடுக்கலேன்னா என்னக் கேப்பாங்க. வேலையில இல்லாத ஆளு மேல எங்கம்மா நடவடிக்கை எடுக்கறது? 'ஒரு சாமான் ரிப்பேர்னா வகுப்ப மூடிருவாங்க'ன்னு சொன்னது நான்தான். அது இன்னும் என் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. இதுல உனக்குக் கரும்புள்ளி எதுவும் இல்ல. நாளைக்கு லெக்சரர் வேலைக்குக்கூட நீ மனு போடலாம், மேல படிச்சிட்டு."

சாலம்மாளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கண்ணிலும் முட்டியது. பட்டம் வாங்கிய குற்றத்துக்காக வேலை போனவள் இந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வாங்கிக்கொண்டு கதவுவரை போனவள் திரும்பி வந்தாள். ஆணையை மேசையில் வைத்து, மேலே தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். 'திருமதி சி. சாலம்மாள்' என்று இருந்தது.

"பட்டம் வாங்கிட்டேன்னுதான சார் அனுப்பறீங்க? பேருக்குப் பின்னால அதப் போடலியே."

வேதரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பேனாவை எடுத்தார். அவள் பெயருக்குப் பக்கத்தில் 'பி.எஸ்சி.' என்று நிதானமாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, கல்லூரி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.